கொன்றவன் பிழைத்தான், தலையாட்டியவர்கள் செத்தார்கள்

கல்லூரியில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் ‘முதிய மாலுமியின் பாட்டு’ என்ற நீண்ட கவிதையை நடத்திய ஆசிரியர் முதல் வகுப்பிலேயே விஷயத்தை முடித்துவிட்டார். “முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும். பறவையைக் கொன்றான், பட்டான், திருந்தினான். எழுதிக்கொள்ளுங்கள்.” எழுதிக்கொண்டோம். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கும் விழுந்தது. இருபது வருடம் கழித்துப் போன மாதம் மறுபடி எடுத்து வாசித்தேன். அந்தக் கணக்கு கவிதையில் எந்த இடத்திலும் நேராகவில்லை.

படிக்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. கல்யாணத்துக்குப் போகிற மூன்று பேரில் ஒருவனை ஒரு கிழட்டு மாலுமி வழிமறிக்கிறான். மறிக்கப்பட்டவன் மாப்பிள்ளைக்கு நெருங்கிய சொந்தம். உள்ளே வாத்தியச் சத்தம் கேட்கிறது, ஆனால் கிழவனின் கண்ணை விட்டு அவனால் நகர முடியவில்லை. கிழவன் சொல்லத் தொடங்குகிறான்: தென்துருவப் பனியில் சிக்கிய கப்பல், மூடுபனிக்குள்ளிருந்து வந்த அல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவை. மாலுமிகள் போட்டதைத் தின்றது, கூப்பிட்டால் வந்தது. பனி பிளந்து வழியும் விட்டது. அப்புறம் ஒரு நாள் இவன் அதைக் குறுக்குவில்லால் அடித்துக் கொன்றுவிடுகிறான்.

ஏன் கொன்றான்? பதில் கிடையாது. முதல் பாகத்தின் கடைசியில் ‘அடித்தேன்’ என்கிறான், அத்தோடு சரி.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பறவை கோல்ரிட்ஜின் கற்பனை கிடையாது. 1797 நவம்பரில் அவரும் நண்பரும் கவிஞருமான வேர்ட்ஸ்வொர்த்தும், வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதியும் சாமர்செட்டின் குவாண்டாக் மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, தான் அப்போது படித்திருந்த ஒரு கடற்பயண நூலைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் சொன்னார். ஷெல்வாக் என்ற கப்பல் தலைவர் எழுதி 1726-ல் வந்த புத்தகம். அதில் ஹாட்லி என்பவன் ஒரு கறுப்பு அல்பட்ராஸைச் சுடுகிறான். அவனிடம் காரணம் இருந்தது. கெட்ட வானிலை விடாமல் துரத்துகிறது, கூடவே இந்தக் கறுப்புப் பறவையும் வருகிறது, இது அபசகுனம் என்று நினைத்தான். கோல்ரிட்ஜ் அந்தக் காரணத்தைக் கொன்றவனிடமிருந்து பிடுங்கி, பக்கத்தில் நின்று பார்த்தவர்களிடம் கொடுத்துவிட்டார்.

கப்பலில் இருந்தவர்கள் முதலில் திட்டுகிறார்கள்: காற்றைக் கொண்டுவந்த பறவையைக் கொன்றுவிட்டாயே, பாவி! மறுபடி வெயில் அடித்து மூடுபனி விலகியதும் பேச்சு மாறுகிறது. மூடுபனியைக் கொண்டுவந்த பறவைதானே, கொன்றது சரிதான் என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சும் அடுத்தடுத்த இரண்டு பத்திகளில் வந்துபோய்விடுகின்றன. வகுப்பில் இதை நாங்கள் வேகமாகத் தாண்டினோம். ஆனால் இதற்குத்தான் இருநூறு பேர் சாகிறார்கள். வில்லை எடுத்தவன் உயிரோடு இருக்கிறான். வானிலைக்கு ஏற்ப அபிப்பிராயம் மாற்றியவர்கள், ஒவ்வொருவராக அவனைக் கண்ணாலேயே சபித்துவிட்டு விழுகிறார்கள்.

அநியாயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கோல்ரிட்ஜின் உரைநடையைக் கொஞ்சம் புரட்டினால் அந்த இருநூறு பேர் யாரென்று எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அடிமை வியாபாரத்தில் கொழுத்த பிரிஸ்டல் துறைமுகத்தில், 1795-ல், அந்த வியாபாரத்தை எதிர்த்தே உரை நிகழ்த்தியவர் அவர். அடுத்த வருடம் தானே நடத்திய ‘வாட்ச்மேன்’ பத்திரிகையிலும் அதை எழுதினார். அங்கே அவர் கோபம் கப்பல் முதலாளிகளோடு நிற்கவில்லை. டீயில் சர்க்கரை போட்டுக் குடித்துக்கொண்டே அந்த வியாபாரத்தை எதிர்க்கிற மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் வருகிறது. சர்க்கரையையும் ரம்மையும் மட்டும் நிறுத்துங்கள், உங்கள் இனிப்பில் சகோதரனின் ரத்தம் இருக்கிறது என்கிறார். சவுக்கைப் பிடிக்காத கையும் பங்காளியின் கைதான் என்று எழுதிய ஆள், இரண்டு வருடத்தில் இந்தப் பாட்டை எழுதுகிறார். பாட்டு அடிமைக் கப்பலைப் பற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூடுபனி விலகியதும் ‘சரிதான்’ என்று தலையாட்டிய அந்தக் கூட்டத்தை அவர் பிரிஸ்டலில் பார்த்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

கொன்றவனுக்கு என்ன தண்டனை? அதைத் தீர்மானிப்பது நீதிபதியும் இல்லை, கடவுளும் இல்லை. ஒரு பேய்க்கப்பலில் சாவும், ‘சாவில் வாழ்வு’ என்கிற வெளிறிய பெண்ணும் பகடை உருட்டுகிறார்கள். “ஜெயித்துவிட்டேன்!” என்று அவள் கத்துகிறாள், மாலுமி அவளுக்குப் போகிறான். ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று நம் இளங்கோ சொல்கிற இடத்தில், இங்கே தாயக்கட்டை.

சரி, மீட்பு? அது இன்னும் விசித்திரம். ஏழு நாள், ஏழு ராத்திரி, பிணங்களின் கண்கள் அவனைப் பார்த்தபடி இருக்கின்றன. ஜெபிக்கப் பார்க்கிறான், வரவில்லை. கடலில் நெளிகிற வழவழப்பான ஜந்துகளைப் பார்த்து, இவ்வளவு நல்லவர்கள் செத்துக் கிடக்க இதுகள் வாழ்கின்றனவே, நானும் வாழ்கிறேனே என்று அருவருக்கிறான். பிறகு நிலா மேலே வருகிறது. கப்பலின் நிழலுக்குள் தண்ணீர்ப் பாம்புகள் நீலமும் மினுங்கும் பச்சையும் வெல்வெட் கறுப்புமாகச் சுருண்டு நீந்துகின்றன, போன தடமெல்லாம் பொன் நெருப்பு. கடலும் அதே கடல், ஜந்துகளும் அதே ஜந்துகள். என்ன செய்கிறோம் என்று அறியாமலேயே அவற்றை வாழ்த்திவிடுகிறான். மாலுமிகள் அவன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த செத்த பறவை அறுந்து ஈயம்போலக் கடலில் மூழ்குகிறது. திருந்த வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்ததாக அதில் எதுவுமே கிடையாது. கொன்றதும் யோசிக்காமல், வாழ்த்தியதும் யோசிக்காமல்.

(இந்தப் பாட்டு வெளியான அதே 1798-ல் வேர்ட்ஸ்வொர்த் ‘பீட்டர் பெல்’ எழுதினார், 1819-ல்தான் வெளியிட்டார். முரடன் ஒருவனைப் பேய் பிசாசு இல்லாமல், ஒரு கழுதையை வைத்தே திருத்திக்காட்டுகிற கதை. ஒழுங்கான கதைதான். அந்த ஒழுங்கே எனக்கு ஒட்டவில்லை. கழுதையை மட்டும் ரொம்பப் பிடிக்கும்.)

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆவிக்குரல் ஒன்று, இவன் பிராயச்சித்தம் செய்துவிட்டான், இன்னும் செய்வான் என்கிறது. கரையில் துறவி ஒருவர் கிடைக்கிறார், பாவமன்னிப்புக் கேட்கிறான். அதற்கப்புறமும் எந்த நேரம் என்று தெரியாமல் அந்த வேதனை திரும்பி வருகிறது. கதையைச் சொன்னால்தான் அடங்குகிறது. எல்லாவற்றையும் நேசி என்று கடைசியில் அவனே ஒரு புத்திமதி சொல்கிறான், எங்கள் ஆசிரியர் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆனால் பார்பால்ட் என்ற பெண் கவிஞர் இதில் நீதியே இல்லை என்று குறைப்பட்டபோது, நீதி கூடிப்போனதுதான் குறை என்றார் கோல்ரிட்ஜ். கிணற்றடியில் பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிந்தவன் முன் ஒரு பூதம் வந்து, அது என் மகன் கண்ணைக் கெடுத்துவிட்டது, உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிற அரேபிய இரவுக் கதை மாதிரி இருந்திருக்க வேண்டும் என்றார். அப்படிச் சொன்னவர்தான் 1817 பதிப்பில் ஓரத்தில் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்து, மாலுமிகள் எப்படிக் குற்றத்தில் பங்காளிகள் ஆனார்கள் என்று எழுதினார். பத்தொன்பது வருடம் கழித்தும் விளக்கிக்கொண்டிருக்கிறார், மனுஷன்.

இதை வாசிக்கும்போது என் பெரியப்பா ஞாபகம் வராமல் இருக்கவில்லை. லாரி ஓட்டினார். ஒரு மழை ராத்திரி, சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவர் இறந்துபோனார். கோர்ட்டில் இவர் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் முப்பது வருடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரிடமும் சொல்ல மாட்டார். ஆள் பார்த்துப் பிடிப்பார். முகத்தைப் பார்த்ததும் யார் கேட்க வேண்டியவன் என்று தெரிந்துவிடும் என்று மாலுமியும் சொல்கிறான். பெரியப்பா கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: சைக்கிள் நசுங்கிக் கிடந்தது, கேரியரில் இருந்த தூக்குவாளி மட்டும் ரோட்டோரம் நேராக நின்றது, மூடிகூடக் கழன்றிருக்கவில்லை.

தம்பி கல்யாணத்தில், பந்திக்குப் போய்க்கொண்டிருந்த பெண் வீட்டுப் பையன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். காப்பாற்றலாம் என்று நான் போனேன். “நீயும் உட்காருடா” என்றார். தூக்குவாளி வருகிற வரைக்கும் அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை. அப்போது இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.