வெள்ளைத் தாளிலிருந்து வந்த ஓடை

கடலூரும் புதுச்சேரியும் கூடி ஒரே நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிக்க வேண்டும் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் சாலை, தொழிற்பேட்டை என்றே பேசிவிட்டு வாய்க்காலை மறந்துவிட்டாரே கட்டுரையாளர்! புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது தமிழகத்தில் தென்பெண்ணையாற்றின் மேல் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, பங்காரு வாய்க்கால் வழியாக. வாய்க்காலின் தலை ஓர் அரசிடம், வால் இன்னோர் அரசிடம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பொங்கியபோது இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் மூழ்கின.

என் மைத்துனர் எல்லையோரம் மனை வாங்கினார். அவரிடம் காட்டிய வரைபடத்தில் பக்கத்து ஓடை எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். மழை வந்ததும் அந்த வெள்ளைத் தாளிலிருந்துதான் தண்ணீர் வந்தது, முழங்கால் அளவுக்கு.

மனைக்கு அனுமதி தரும் சட்டமும் இரண்டு பக்கமும் வேறு வேறு: புதுச்சேரியின் நகர ஊரமைப்புச் சட்டம் 1969-இல் வந்தது, தமிழகத்தினுடையது 1971-இல். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் தந்த மாவட்டத் திட்டக் குழுவும் மாவட்டத்தைத் தாண்டிப் பார்ப்பதில்லை. புதுச் சட்டமெல்லாம் பிறகு வரட்டும். எல்லையோர மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் அடுத்த பக்கத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அங்கே ஓடை எப்படிப் போகிறது என்று கேட்கலாமே? தபால் செலவு அதிகமாகிவிடாது.