விதையில் பூசினால் தேனீக்கு ஆபத்தில்லையா?
‘தெளித்தால்தான் கெடுதல், விதையிலேயே பூசிவிட்டால் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி தேனீயிடம் போகாது’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது தவறு. 2008 வசந்தத்தில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்களைப் பாதித்தது தெளிப்பு அல்ல, குளோதியானிடின் என்ற நியோனிகோட்டினாய்டு பூசிய மக்காச்சோள விதை. ஒட்டுப்பசை போதாமல் பூச்சு உதிர்ந்து தூளானது. விதையை உறிஞ்சிப் பிடிக்கும் காற்றழுத்த விதைப்புக் கருவி, தன் விசிறிக் காற்றோடு அந்தத் தூளையும் மேலே ஊதித் தள்ளியது. பக்கத்து வயல்களில், தேனீக்கள் மொய்க்கும் ரேப்சீட் (கடுகு இன எண்ணெய்வித்து) பூத்துக் கிடந்த நேரம் வேறு! அதன்பிறகுதான் கருவி வெளியேற்றும் காற்றைத் தரைப்பக்கம் திருப்பும் குழாய், லட்சம் விதைக்கு 0.75 கிராமுக்கு மேல் தூள் உதிரக்கூடாது என்ற வரம்பெல்லாம் வந்தன. மூட்டையின் அடியில் தங்கும் தூளை விதைப்பெட்டியில் கொட்டவே கூடாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தூளை அடக்கினாலும் கதை முடியாது. பூசிய மருந்தில் சிறு பங்கைத்தான் பயிர் உறிஞ்சுகிறது, பெரும்பகுதி மண்ணில் நின்று மழைநீரோடு ஓடைக்குப் போய் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களைத் தாக்குகிறது. பயிர் உறிஞ்சியதும் அடங்கிக் கிடப்பதில்லை: இளம் மக்காச்சோளத்தின் இலைநுனியில் காலையில் கசியும் நீர்த்துளியில், குடிக்கும் தேனீயைக் கொல்லும் அளவு மருந்து இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2009-லேயே காட்டிவிட்டார்கள்.