எக்லின்டன் தெருவில் பச்சை லைற் யாருக்கு?

2013 ஒக்ரோபர். எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நடந்த வாக்குவாதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு எல்.ஆர்.ரி. என்கிற இலகு ரயில் வேண்டாம், சப்வேதான் வேண்டும் என்று நகரசபை 24க்கு 20 என்ற கணக்கில் வாக்களித்திருந்த கிழமை. பக்கத்து வீட்டு அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "நாங்களும் வரி கட்டுறம்தானே தம்பி. டவுன்டவுன் சனத்துக்கு நிலத்துக்குக் கீழ ரெயின், எங்களுக்கு மட்டும் தெருவில காரோட இழுபடுற ட்ராமோ?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன்.

அவர் சொன்னதில் பெரிய பிழை ஒன்று இருந்தது. அது எனக்கும் அப்போது தெரியாது. அந்த எல்.ஆர்.ரி. தெருவில் ஓடுவதற்காக வரையப்பட்டதே அல்ல. பழைய ஸ்காபரோ ஆர்.ரி. என்ற ரயிலின் பாதையைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சந்தியிலும் ஒரு காரையும் சந்திக்காமல், ஏழு நிறுத்தங்களோடு ஓட இருந்தது. மாகாண அரசு பணம் தருவதாக ஒப்பந்தமும் போட்டிருந்தது. காரிலிருந்து பிரித்துத் தாருங்கள் என்று கேட்ட நாங்கள், முழுதாகப் பிரிக்கப்பட்டிருந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது ஸ்காபரோவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சப்வேக்கு மூன்று நிறுத்தம் என்றார்கள், 2016இல் ஒன்று என்றார்கள், 2019இல் மாகாணம் கையில் எடுத்துத் திரும்பவும் மூன்று என்றது. 1985இலிருந்து ஓடிய ஆர்.ரி. அதுவரை தாக்குப்பிடிக்கவில்லை. 2023 யூலை 24 பின்னேரம் கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். அந்தப் பாதையில் பிறகு ரயில் ஓடவே இல்லை. கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்ரருக்கு சனம் பஸ்ஸில் போகிறது. சப்வேக்கு இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், 2026 பெப்ரவரியில் எக்லின்டன் தெரு எல்.ஆர்.ரி. ஓடத் தொடங்கியதிலிருந்து அதே பேச்சு திரும்பவும் கேட்கிறது. "தெருவில விட்டதுதான் பிழை. முழுக்கத் தாட்டிருக்க வேணும்."

எக்லின்டன் பாதை 19 கிலோமீற்றர், 25 நிறுத்தங்கள். அதில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் சுரங்கம். லெயர்ட் நிலையம் தாண்டிக் கிழக்கே வெளியே வந்து, கென்னடி வரைக்கும் பெரும்பாலும் தெருவின் நடுவால் போகிறது. 2007இல் மேயர் டேவிட் மில்லர் காலத்துத் திட்டம் இதுதான். 2010 டிசெம்பரில் பதவிக்கு வந்த அடுத்த மேயர் ரொப் போர்ட் முதல் நாளே அந்தத் திட்டத்தைச் செத்துப்போனது என்றார். கிழக்குப் பகுதியையும் தாட்டுவதே அவருடைய விருப்பம். 2012 பெப்ரவரியில் நகரசபை 25க்கு 18 என்று அவரைத் தோற்கடித்து, கிழக்குத் துண்டைத் திரும்பத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த 25 பேர் செய்தது சரி என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவர்கள் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி சிக்னலில் இருக்கிறது. இங்கே வாகனம் வலப்பக்கமாக ஓடுகிறது. தண்டவாளம் தெருவின் நடுவில் கிடக்கிறது. ஆகவே இடப்பக்கம் திரும்புகிற ஒவ்வொரு காரும் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். அதற்குத் தனி அம்புக்குறி, தனி நேரம். அந்தக் கார்களை முதலில் விட்டுவிட்டுத்தான் ரயிலை விடுவது என்று ஒழுங்கு வைத்தால், இருநூறு பேரோடு வந்த ரயில் நாலு காருக்காக நிற்கும். நிறுத்தம் சந்திக்கு முன்னாலே இருந்தால் இன்னும் மோசம். சனம் ஏறி இறங்கி முடிகிற நேரம் பச்சை போய்விடும், அடுத்த சுற்று வரைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படி இரண்டு மூன்று சந்தி போனால் பின்னால் வருகிற ரயில் முன்னால் போகிறதைப் பிடித்துவிடும். பிறகு பத்து நிமிடத்துக்கு ரயிலே இல்லை, வந்தால் இரண்டு சேர்ந்து வரும்.

இதைத் தீர்க்கிற வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. ரயில் வருவதை முன்கூட்டியே உணர்ந்து, பச்சையைக் கொஞ்சம் நீட்டலாம், சிவப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், திரும்புகிற கார்களை ரயிலுக்குப் பிறகு விடலாம். 2025 டிசெம்பரில் ரொறன்ரோவின் இன்னொரு எல்.ஆர்.ரி.யான ஃபின்ச் மேற்குப் பாதை, 10.3 கிலோமீற்றர், திறந்தபோது அது ஊர்ந்ததை நாடே பார்த்தது. ஓடிப்போன ஒருவர் ரயிலை முந்தியது செய்தியாக வந்தது. சில நாட்களுக்குள்ளேயே நகரசபை கூடி, சிக்னலில் ரயிலுக்கு வலுவான முன்னுரிமை வேண்டும் என்று முடிவெடுத்தது. சில நாட்களில் எடுக்க முடிந்த முடிவைத் தண்டவாளம் போடுகிற இத்தனை வருடத்தில் எடுக்கவில்லை. என் கோபம் முழுவதும் அந்த இடத்தில்தான்.

கல்கரியைப் பாருங்கள். 1981இலிருந்து அங்கே எல்.ஆர்.ரி. ஓடுகிறது. நகரின் நடுவில் ஏழாவது அவெனியூவை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். வெளியே பல இடங்களில் நம் ஊர் ரயில்வே கேற் மாதிரித் தடுப்பு விழும், கார் நிற்கும், ரயில் போகும். பெரும்பகுதி நிலத்துக்கு மேலேதான். வட அமெரிக்காவில் ஆகக் கூடுதலான சனம் ஏறுகிற எல்.ஆர்.ரி.களில் அதுவும் ஒன்று.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. வன்கூவரின் ஸ்கைரெயின் என்ற ரயில் எங்கள் ஆர்.ரி.யின் அதே தொழில்நுட்பத்தில் தொடங்கியது. தெருவை எங்கேயும் தொடாததால் ஓட்டுநர் இல்லாமல், மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து விட முடிகிறது. தெருச் சந்திகளைக் கடக்கிற ரயிலால் அது முடியாது. சனம் அவ்வளவு நெருக்கமாக இருக்கிற இடத்தில் பாலமோ சுரங்கமோ கட்டத்தான் வேண்டும். யங் தெருவை எக்லின்டன் வெட்டுகிற இடத்தில் ரயிலைத் தெருவில் விட்டிருக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை ஒட்டாவா உடைத்தது. 2019இல் திறந்த அவர்களின் பாதை ஒரு காரையும் சந்திப்பதில்லை. 2021இல் ஆறு கிழமைக்குள் இரண்டு தடவை தடம்புரண்டது, பகிரங்க விசாரணையே வைக்க வேண்டி வந்தது. ஆர்.ரி.யும் பிரிந்துதான் ஓடியது. பனி கொட்டினால் நின்றுபோகும்.

இன்னொரு விசயம், அம்மாவின் கால். அவவுக்கு வோக்கர் இல்லாமல் நடக்க ஏலாது. தெருவில் உள்ள நிறுத்தம் என்றால் சந்தியைக் கடந்து, சின்னச் சரிவில் ஏறினால் மேடை, மேடையிலிருந்து அப்படியே பெட்டிக்குள் போகலாம். நிலத்துக்குக் கீழே என்றால் முதலில் லிஃப்ற் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை செய்தாலும் ஒன்றுக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். சுரங்கத்தில் நிலையம் கட்டுகிற செலவால் நிலையங்களும் தூரத் தூரத்தான் வரும். ஏழு நிறுத்தம் மூன்றானது நமக்கு மறந்துபோகக் கூடாது. ரயில் இரண்டு நிமிடம் விரைவாகப் போய், அம்மா பனியில் இன்னொரு பத்து நிமிடம் நடக்க வேண்டுமென்றால் அவவுக்கு அது என்ன விரைவு?

எக்லின்டன் மேற்கு நீட்டிப்பு எனக்கு இன்னும் விளங்காத ஒன்று. 9.2 கிலோமீற்றர். ஒரு காலத்தில் கடுகதிப் பாதைக்கென்று ஒதுக்கின அகலமான காணி அந்தத் தெருவோரமாகக் கிடந்தது. அங்கேயும் பெரும்பகுதியைச் சுரங்கமாகத்தான் தோண்டுகிறார்கள். அந்தக் காசில் எத்தனை கிலோமீற்றர் நம் பக்கம் வந்திருக்கும் என்று நினைக்க வயிறு எரிகிறது.

நம் பக்கம் என்றால் எக்லின்டன் கிழக்கு. கென்னடியிலிருந்து கிங்ஸ்டன் வீதி, மோர்னிங்சைட் வழியாக யூனிவேர்சிற்றி வளாகத்துக்கும் மால்வேர்னுக்கும் வர வேண்டிய பாதை. தெருவில் ஓடுகிற மாதிரித்தான் நகரம் வரைந்து வைத்திருக்கிறது. கட்டுகிற பணம் இன்னும் வரவில்லை. இதற்குக் கூட்டம் வைக்கும்போது நம் சனம் திரும்பவும் "சப்வே தா" என்று கை தூக்கினால், என் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தத் தெருவில் பஸ்தான்.

அண்ணை இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். கேட்க வேண்டியதைக் கடதாசியில் எழுதியும் வைத்துவிட்டேன்: மோர்னிங்சைட்டும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடத்தில் ரயில் வந்து நின்றால், முதல் பச்சை ரயிலுக்கா, இடப்பக்கம் திரும்புகிற காருக்கா? தண்டவாளம் போட முதல் இதை எழுத்தில் தாருங்கள்.