பத்தே நிமிடமாம்!

"பத்தே நிமிடத்தில் வீடு தயார்" என்று சொல்லி எங்கள் தலையில் அந்த மடக்கு டிரெய்லரைக் கட்டிய மனிதர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்கே இருந்தாலும் சரி, அந்தப் பத்து நிமிடத்தை எந்த நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அவர் ஒருமுறை நேரில் வந்து எனக்கு விளக்கிவிட்டுப் போக வேண்டும். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்துப் பிழைப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணியும் திருகாணியும் பற்றவைப்புமாகவே காலம் தள்ளுகிற எனக்கு, மடங்கி விரியும் எந்தப் பொருளிலும் முதலில் தேய்வது மடங்குகிற இடம்தான் என்பது தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மூடிய நிலையில் அது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும், நெஞ்சளவு உயரமுள்ள ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால், வின்ச்சில் சுற்றும் இரும்புக் கயிறு நான்கு மூலைத் தூண்களையும் உந்தக் கூரை மேலே எழும்பும். முன்னும் பின்னும் இரண்டு கட்டில்களை மேசை இழுப்பறைபோல வெளியே இழுத்தால், அவற்றோடு கேன்வாஸ் சுவர்களும் விரியும். நடுவில் அடுப்பு, தொட்டி, உட்காரப் பலகை, பலகைக்கு அடியில் அலமாரி. காணொளிகளில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் நல்ல வெயிலில், நல்ல புல்வெளியில், கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைக்காமலே இத்தனையையும் செய்து முடித்துவிட்டுச் சிரிக்கிறார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய வண்டிகளுக்கென்றே முகாம் திடல்கள் இருக்கின்றன; மட்டமாகச் சமன் செய்த தரையும், கைக்கெட்டும் தூரத்தில் மின் இணைப்பும், தண்ணீர்க் குழாயும், கழிவை ஊற்ற ஓர் இடமும் அங்கே தயாராக இருக்கின்றன. அதாவது பாதி வீடு ஏற்கெனவே தரையில் இருக்கிறது, மீதிப் பாதியைத்தான் வண்டி சுமந்து வருகிறது. நாங்கள் அந்த மீதிப் பாதியை மட்டும் விலைகொடுத்து வாங்கி, முழு வீட்டுக்கும் சொந்தக்காரர்களாகிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். ஆயுத பூசைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா, மனைவி, மகள், மச்சான் சகிதமாக ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம்.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேட்டைத் தாண்டுவதற்குள்ளாகவே டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது. இழுபடும் வண்டியின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு முன்பக்கக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும், பின்பக்கம் கனத்தால் வண்டி இடமும் வலமுமாக அலையும் என்பது இழுவையின் முதல் பாடமாம். மச்சானோ தண்ணீர்க் கேன்களையும் அரிசி மூட்டையையும் பின்கட்டிலின் அடியில் அடுக்கி வைத்திருந்தான். அடிவாரத்தில் ஓரங்கட்டி அவற்றை முன்னுக்கு மாற்றலாம் என்று நிறுத்தினோம். அதே நேரத்தில் அம்மா இரத்த அழுத்த மாத்திரையைக் கேட்டார்கள். மாத்திரை பலகைக்கு அடியில் இருக்கும் அலமாரியில், அலமாரி மூடிய கூரைக்குள். வண்டிக்குள் வைத்த எந்தப் பொருளையும் வீட்டைத் திறக்காமல் எடுக்க முடியாது என்பதை அந்தச் சாலையோரத்தில்தான் நாங்கள் அறிந்துகொண்டோம். கூரையைப் பாதி உயர்த்தி, அந்த இடுக்கில் மச்சானைத் தலைகீழாக நுழைத்து, கணுக்கால்களை நான் பிடித்துக்கொண்டு நிற்க, சுற்றிக் கூடிய கூட்டத்தில் ஒருவர் இது தேர்தல் வண்டியா என்று கேட்டார். இன்னொருவர் மிகுந்த மரியாதையோடு, "தட்டுவடை செட் எப்பங்க ரெடியாகும்?" என்று கேட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. தள்ளுவண்டியில் விற்கும் அந்தத் தின்பண்டத்தைப் பார்த்தே வளர்ந்த சேலத்துக்காரர் வேறு என்ன நினைப்பார்?

இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கார் திரும்பிய தடத்தில் டிரெய்லர் திரும்பாது, அதன் சக்கரம் வளைவின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டுதான் வரும் என்பதால் ஒவ்வொரு வளைவையும் அகலமாக எடுக்க வேண்டும். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் மதித்தார்கள், செல்பேசியை வெளியே நீட்டிப் படமெடுத்தபடி இறங்கியவர்கள் மதிக்கவில்லை. அவ்வளவுதான்.

நாகலூர்ப் பக்கம் நண்பர் ஒருவருக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. சேர்வராயன் மலையில் மட்டமான தரை என்று ஒன்றைத் தேடுவதே வீண் வேலை என்பதால், காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களத்தில் நிறுத்திக்கொள்ளும்படி அவர் சொன்னார். பழம் பறிக்கும் காலம் இன்னும் வராததால் களம் காலியாகக் கிடந்தது. மணி மூன்று. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் அதன் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வரவே மறுத்தது. பிறகுதான் உறைத்தது: மழைநீர் தேங்காமல் வடிவதற்காகக் களத்தைச் சாய்வாகத்தான் போடுவார்கள்! முதலில் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தடியில் பலகை கொடுத்து இடவலத்தைச் சமன் செய்ய வேண்டும், அதன் பிறகு சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும், அதன் பிறகே காரிலிருந்து கழற்ற வேண்டும், கழற்றிய பிறகு முன்பக்க ஜாக்கியால் முன்பின்னைச் சமன் செய்ய வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் நான்கு மூலைக் கால்களையும் இறக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாங்கள் இரண்டு முறை பிசகினோம். மூன்றாம் முறை பொறுமையிழந்த மச்சான், அந்த மூலைக் கால்களையே ஜாக்கியாக்கி, தாழ்ந்த மூலையைத் திருகித் தூக்கிவிட்டான். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் தாங்குவதற்கு உரியவை. தூக்குவதற்கு உரியவை அல்ல. விளைவாகச் சட்டம் முறுக்கிக்கொண்டது. கதவின் மேல்மூலையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, கீழ்மூலையில் உரசல், நடுவில் பூட்டு தன் துளையை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

அடுத்து, கூரை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற டக், டக் என்று மூன்று மூலைகள் ஒழுங்காக எழும்பின, நான்காவது ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அந்த மூலைக்குப் போகும் இரும்புக் கயிறு நீண்டிருக்க வேண்டும், அல்லது கப்பியில் எங்கோ சிக்கியிருக்க வேண்டும். அது எந்த மூலை என்று அம்மா திசை பார்த்துச் சொன்னார்கள்: தென்மேற்கு. "கன்னிமூலை தாழ்ந்த வீட்டுல மனுஷங்க குடியிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, காருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வாஸ்து பார்க்கிறவன் அல்ல. ஆனால் சாய்ந்த களத்தில் முறுகிய சட்டத்தின்மேல் கோணிய கூரையைப் பார்த்தபோது, சாத்திரம் எழுதியவர்களுக்கும் இப்படி ஒரு மச்சான் வாய்த்திருப்பான் என்றே தோன்றியது. மூங்கில் கழியால் அந்த மூலையை நெம்பி நிறுத்தினோம். கட்டிலை வெளியே இழுத்த பிறகு அதைத் தாங்கக் கீழே கொடுக்க வேண்டிய இரும்புக் கம்பிகளைத் தேடினால், அவை அதே கட்டிலின் மெத்தைக்கு அடியில் இருந்தன! முதலில் தேவைப்படுவதையெல்லாம் கடைசியில் திறக்கும் இடத்தில் வைப்பதுதான் இந்த வண்டியின் மொத்தத் தத்துவம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். பத்து நிமிடம்! நண்பரின் தோட்டக் காவலாளி அந்த நேரத்துக்குள் மாட்டைப் பிடித்துக் கட்டி, பால் கறந்து, கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்.

சரி, விரித்தாயிற்று, இனி வாழலாம் என்றால், வாழ்வதற்கும் முறை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் நின்றால் மற்றவர்கள் உட்கார வேண்டும். அரிசி எடுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து பலகையைத் தூக்க வேண்டும், எழுந்தவர்கள் நிற்க இடமில்லாததால் கட்டிலில் ஏற வேண்டும், கட்டிலில் ஏறினால் வண்டி தொட்டிலாகும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வடித்த சோறு விதையாகவே நிற்க, குக்கருக்கு மாறினோம். குக்கர் விட்ட ஆவியெல்லாம் கூரையில் படிந்து முத்துமுத்தாக நின்றது. மூடிய இடத்தில் எரிவாயு அடுப்பை எரித்தால் நச்சுவாயு சேரும் என்பதால் சன்னல் ஜிப்பைத் திறந்தே ஆக வேண்டும், திறந்தால் மூடுபனி விருந்தாளியைப் போல நேராக உள்ளே வந்து மெத்தையில் படுத்துக்கொள்ளும். அப்பளம் நமுத்தது, தீப்பெட்டி நமுத்தது, உப்பு கசிந்தது, இரண்டாம் நாளில் என் பேச்சும் நமுத்துப்போனது என்று மனைவி சொன்னாள்.

முதல் இரவே மழை. கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும், உள்ளே ஒரு சொட்டு வராது என்று விற்றவர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது, நனைந்திருக்கும்போது உள்பக்கம் விரலால் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே இறங்கிவிடும் என்பது. உறக்கம் வராத என் மகள், தலைக்கு மேலிருந்த சரிவில் விரலால் மெதுவாக ஒரு மயில் வரைந்திருக்கிறாள். சிறிது நேரத்தில் அந்தக் கோடு முழுவதும் கருத்து, முதலில் தோகையிலிருந்தும், பிறகு அலகிலிருந்தும் சொட்டத் தொடங்கியது. கழுத்துப் பக்கம் மட்டும் விரல் லேசாகப் பட்டிருக்கும்போலும், அங்கே ஒழுகவில்லை. நள்ளிரவில் டார்ச்சு வெளிச்சத்தில் அந்த மயிலைப் பார்த்தபடி, அதன் தோகைக்குக் கீழே சட்டியும் அலகுக்குக் கீழே டம்ளருமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தையைத் திட்ட மனம் வரவில்லை. மயில் நன்றாகவே இருந்தது. மழை நின்ற பிறகும் சில்வர் ஓக் மரங்கள் விடியும்வரை தங்கள் பங்குக்குச் சொட்டிக்கொண்டே இருந்தன. இரவில் காட்டெருமை வரும், வெளியே இறங்காதீர்கள் என்று காவலாளி எச்சரித்திருந்ததால், நாங்கள் எதையெதையெல்லாம் அடக்கிக்கொண்டு படுத்திருந்தோம் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அம்மா காரின் முன்னிருக்கையைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாக உறங்கினார்கள். இந்த மலைக்கு முதலில் வந்து தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள் ஏன் தடித்த கற்சுவர் வைத்துப் பங்களா கட்டினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் மாலையில் பனி விலகி, காப்பிச் செடிகளின்மேல் வெயில் சாய்வாக விழ, ஐந்து பேரும் டிரெய்லர் வாசலில் உட்கார்ந்து சுடச்சுடக் காப்பி குடித்தோம். தோட்டத்திலேயே வறுத்து அரைத்த தூள், வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பில்டர். அந்த ஒரு மணி நேரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே காப்பியை அதே களத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தும் குடித்திருக்கலாமே!

நான்காம் நாள் காலையில் மீண்டும் மழை. கேன்வாஸை ஈரத்தோடு மடக்கக் கூடாது, மடக்கினாலும் ஓரிரு நாளுக்குள் விரித்து உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். எனக்கோ தீபாவளி உருப்படிகள் பட்டறையில் குவிந்து கிடந்தன, மகளுக்குப் பள்ளி திறக்கிறது. மழை நிற்கும்வரை காத்திருக்க வழியில்லாததால் சொட்டச் சொட்ட மடக்கினோம். கூரையை இறக்கும்போது துணி வெளியே பிதுங்காமல் நான்கு பக்கமும் நால்வர் நின்று உள்ளே திணிக்க வேண்டும். ஒவ்வொரு திணிப்புக்கும் முழங்கை வழியாகக் குளிர்ந்த நீர் அக்குள்வரை ஓடிவரும். இந்தக் காட்சி மட்டும் எந்தக் காணொளியிலும் இல்லை.

கீழே வந்தால் விரிக்க இடமில்லை. இரண்டு கட்டில்களையும் இழுத்தால் ஏறக்குறைய இருபது அடி நீளம் வேண்டும். எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தாலே ஒன்று கால் ஊன்றி நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்தைக் கேட்டோம், முகூர்த்த நாளாம். ஆறாம் நாள்தான் ஆத்தூர்ச் சாலையில் சவ்வரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் மனமிரங்கி, தம் உலர்த்தும் களத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார். அங்கே கூரையை உயர்த்தியபோது வந்த வாடையை ஈரச்சாக்கு என்பதா, செத்த எலி என்பதா என்று மச்சானும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேன்வாஸ் முழுவதும் மிளகைத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள். மயில் இருந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் நெருக்கமாகச் சேர்ந்து, தோகை தெளிவாகத் தெரிந்தது. பக்கத்திலேயே பால் வெள்ளையாகச் சவ்வரிசி காய்ந்துகொண்டிருக்க, நண்பர் ஒரு முறை களத்தைப் பார்த்தார், ஒரு முறை பூசணத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஆள்களைக் கூப்பிட்டு இரண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டச் சொன்னார். மாலைக்குள் எடுத்துவிடுங்கள் என்பதை அதைவிட நாகரிகமாக யாரும் சொல்ல முடியாது.

எடுப்பதற்காகக் கூரையை இறக்கும்போது, கன்னிமூலைக் கயிறு பிரிபிரியாக விட்டு, கடைசியில் துப்பாக்கி வெடித்ததுபோல அறுந்தது. கூரை தடாலென்று உட்கார்ந்து, மூடிக்கொண்டது. இனிப் புதுக்கயிறு பூட்டாமல் திறக்காது. அதே கனத்தில், அதே நீளத்தில் கயிறு வேண்டும் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறேன்; ஒருவர் கிணற்று மோட்டார்க் கயிற்றைக் காட்டுகிறார், ஒருவர் லிப்டுக் கயிற்றைக் காட்டுகிறார். டிரெய்லர் அந்தக் கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம், நாங்கள் வாடகை கொடுக்கும் இடத்தில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த அரைக் கிலோ காப்பித்தூள் அடுக்களையில் மணந்துகொண்டிருக்க, அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் பழைய வேட்டித் துணியில் டிகாஷன் வடிகட்டியபடி என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பித்தளைப் பில்டர் பலகைக்கு அடியில், அந்த அலமாரியில் இருக்கிறது.