லேபில் பார்த்தால் லேபில் பிறந்ததா?

நம்ம குடும்பக் குரூப்பில் நேற்று ராத்திரி நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். "புதுசு புதுசா கிருமி கண்டுபிடிக்கிறதே இந்த லேப்காரங்கதான், இல்லாட்டி ஏது நோய்?" நான்கு நிமிட ஆடியோ. போட்டது என் அத்தை மகன். வேலூரில் பதினெட்டு வருஷமாக மலமும் சளியும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன்.

மச்சான், கண்டுபிடிப்பது வேறு, உண்டாக்குவது வேறு. 1992 கடைசியில் சென்னை, மதுரை, நம்ம வேலூர் எல்லா இடத்திலும் காலரா. வழக்கமான காலராக் கிருமி ஓ1 வகை; அதை அடையாளம் காட்டும் ஓ1 சீரம் ஒரு சொட்டு விட்டதும் கண்ணாடித் துண்டில் மணல்மணலாகத் திரளும். இது திரளவில்லை. பழைய காலராவுக்குப் பழகிய பெரியவர்களே சுருண்டு விழுந்தார்கள். விடாமல் தோண்டியதில்தான் ஓ139 என்ற புது வகை பிடிபட்டது. (அதற்கு வைத்த பெயர் 'பெங்கால்'. வங்காள விரிகுடாக் கரையாம். சரி, போகட்டும்.) அன்று லேபைப் பூட்டியிருந்தால் அந்தக் கிருமி வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்குமா?

"டெஸ்ட்டுன்னு காசு பிடுங்குறாங்களே?" பிடுங்குகிறார்கள், நானே சண்டை போட்டிருக்கிறேன். அதற்குப் பில்லைக் காட்டிக் கேளுங்கள். "அப்போ கொரோனா?" அந்த ஒன்றை வைத்து எல்லாக் கிருமிக்கும் லேபில் பிறப்புச் சான்றிதழ் எழுதாதீர்கள்.

அப்பாவின் அல்சர் நம் குடும்பத்துக்கே தெரியும். "அண்ணி குழம்புதான் அண்ணன் வயித்தை அரிச்சிடுச்சு" என்று அத்தை சொல்லாத கல்யாணம் இல்லை. அம்மா ஊறுகாய் ஜாடியைத் துணி கட்டிப் பரணில் ஏற்றினாள். ஒன்பது வருஷம் வீட்டுக்கே மிளகாய் இல்லாத குழம்பு. ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் காரமில்லை, ஹெச். பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-லேயே வயிற்றுக்குள் அந்தக் கிருமியைப் பிடித்துவிட்டார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் நோபல். எங்கள் வீட்டுக்கு அந்தச் சேதி வரத்தான் தாமதம். எண்டோஸ்கோபி, பதினான்கு நாள் மாத்திரை, முடிந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கருவாட்டுக் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தையும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை? இன்றுவரை இல்லை.

நேற்று அந்த ஆடியோவுக்கு முதல் கைதட்டல் அத்தையுடையது.