ஆஷ்விட்ஸ் படங்களை எடுத்தது எஸ்.எஸ். ஆட்கள்தான்
நாஜி முகாம் படங்கள் எல்லாமே 1945-ல் நேச நாட்டுப் படைகள் உள்ளே போன பிறகு எடுத்தவை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அது சரியில்லை. நாஜிகள் பிடித்திருந்த போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் மரண முகாமின் ரயில் மேடையில் ஹங்கேரி யூதர்கள் வந்திறங்கும் படங்களை 1944-ல் எடுத்தவர்களே, முகாமை நடத்திய நாஜி ஆயுதப் படையான எஸ்.எஸ். ஆட்கள்தான். கல்யாண ஆல்பம் மாதிரி ஒட்டி, தலைப்புகளும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆல்பம் கடைசியில் யார் கையில் கிடைத்தது என்பதுதான் நம்பவே முடியாதது. அதே மேடையில் இறங்கிய லிலி யாக்கோப் என்ற இளம்பெண், முகாம்கள் விடுதலையானபோது ஜெர்மனியில் இருந்த டோரா முகாமில் அதைக் கண்டெடுத்தார். புரட்டினால் தன் ஊர் ரபி (யூத மதகுரு), தன் தம்பிகள் இரண்டு பேர். பிறகு ஆஷ்விட்ஸில் வேலை பார்த்த நாஜிகள் மீது ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடந்த வழக்கில் அதைக் காட்டிச் சாட்சியும் சொன்னார். "தன் குற்றத்தை எவனாவது படம் எடுப்பானா?" என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். குற்றம் என்று நினைத்திருந்தால்தானே ஐயா! ஆனால் தோல்வி நெருங்கியதும் புத்தி மாறியது உண்மை. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளை அடையாளப் படம் எடுத்து வந்த போலந்துக் கைதி வில்ஹெல்ம் பிராசேயிடம் 1945 ஜனவரியில் அந்தப் படங்கள் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார்கள். அவரும் கூட இருந்தவரும் அடுப்பில் முதலில் ஈரமான படத்தாளைப் போட்டு, மேலே படங்களை அளவுக்கு மீறித் திணித்தார்கள். காற்றில்லாமல் நெருப்பு அணைந்துபோனது. சுமார் 39,000 படங்கள் இன்னும் இருக்கின்றன.