கையால் ஓட்டாத நிலவுப் பயணம்

சென்ற சனிக்கிழமை இரவு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் வீட்டில், அக்காள் மகனும் நானும் மடிக்கணினியின் முன் கைகட்டி அமர்ந்திருக்க, ஆளில்லாக் கலம் ஒன்று ஏவுதளத்திலிருந்து எழும்பி, சுற்றுப்பாதை பிடித்து, நிலவை அடைந்து, அதன் தரையில் இறங்கி நின்றது. புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை விசைப்பலகையை நாங்கள் ஒருமுறைகூடத் தொடவில்லை. மறுநாள் காலை பசியாறும்போது இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "எல்லாவற்றையும் கணினியே செய்துவிட்டது என்றால் நீங்கள் விளையாடியது எங்கே?" என்று கேட்டார். அங்கே சுருக்கமாகச் சொல்ல முடியாமல் போன விடையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். அதில் கெர்பின் என்றொரு கற்பனைக் கோள் உண்டு. அதன் ஆரம் 600 கிலோமீட்டர். காற்று மண்டலம் 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதன் இரண்டு நிலவுகளில் அருகிலுள்ளது, நாங்கள் போனது, 12,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. அளவில் எல்லாம் சிறியவை என்றாலும் இயக்க விதிகள் மெய்யானவை. கே.ஓ.எஸ். என்ற கூடுதல் நிரலைச் சேர்த்துக்கொண்டால், கலத்துக்குள் ஒரு சிறு கணினியைப் பொருத்தி, அதற்கு நாமே கட்டளை எழுதலாம். அந்த மொழியில் ஒவ்வொரு கட்டளையும் நாம் எழுதும் வாக்கியத்தைப் போலவே முற்றுப்புள்ளியில் முடிகிறது. ஆகவே முதலில் பயிற்சிப் புத்தகத்தில் தமிழில் எழுதினோம். "முதல் அடுக்கில் எரிபொருள் தீர்ந்ததும் அதைக் கழற்று. சேய்மைப் புள்ளி 80 கிலோமீட்டரை எட்டியதும் எஞ்சினை நிறுத்து." (சேய்மைப் புள்ளி என்பது கலத்தின் பாதையில் கோளிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடம்.) தமிழில் தெளிவாக எழுத முடியாத எதையும் எங்களால் நிரலாகவும் எழுத முடியவில்லை.

ஏறுவதும் சுற்றுப்பாதை பிடிப்பதும் இரண்டு வாரங்களில் கைவந்தன. அங்கிருந்து நிலவுக்குப் போக நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். எப்போது கூட்டுவது என்பதுதான் கணக்கு. எங்களை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது தரையிறக்கம்.

நிலவில் காற்று இல்லை என்பதால் குடைமிதவை உதவாது. எஞ்சினை முன்னதாகவே எரித்தால் எரிபொருள் வீணாகும். தாமதித்தால் கலம் தரையில் மோதும். எங்கள் கலத்தின் எஞ்சின் நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கும். நிலவின் ஈர்ப்பு அதில் ஏறத்தாழ 1.6 மீட்டரைத் தின்றுவிடும். மிஞ்சுவது 3.4. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் விழும் கலம் நிற்க 1,470 மீட்டர் தேவை. வேகம் 200 ஆனால் தேவைப்படும் தொலைவு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகி 5,880 மீட்டரைத் தாண்டுகிறது. வேகத்தின் வர்க்கத்தை வேகக்குறைப்பின் இருமடங்கால் வகுக்கும் இந்த வாய்பாடு, படிவம் நான்கில் படிக்கும் மருமகனுக்கு மனப்பாடம். ஆனால் அதைக் கொண்டு ஒரு கலத்தை நிறுத்த முடியும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, "மாமா, இது சோதனையில் வருகிற அதே கணக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த மாதம் முழுவதையும் நான் மீண்டும் செலவிடுவேன்.

கணக்குச் சரியாக இருந்தும் கலம் உடைந்தது. நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தபோது 3,300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் எரிய வேண்டும், எரியவும் செய்தது. ஆனால் நாங்கள் கொடுத்திருந்த உயரம், பூமியில் கடல் மட்டத்தைப் போல அந்த நிலவுக்கு வைத்துக்கொண்ட ஓர் அடிப்படை மட்டத்திலிருந்து அளந்தது. அந்த இடத்தில் தரையே 2,800 மீட்டர் மேடாக இருந்தது. கலத்துக்கு மிஞ்சியது வெறும் 500 மீட்டர். நேர்கீழே உள்ள தரையிலிருந்து அளக்கும் உயரம் வேறொரு சொல்லால் குறிக்கப்படுகிறது. நாங்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை.

கையால் ஓட்டியிருந்தால் இந்தப் பிழையை நான் என்றுமே கண்டிருக்க மாட்டேன். திரையில் தரை நெருங்குவதைப் பார்த்து விரல் தானாக விசையை அழுத்தியிருக்கும். "உயரம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை நிரல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மெய்யான நிலவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அனுப்பிய ஹக்குட்டோ-ஆர் கலம் ஒரு பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது, அதன் கருவி அளந்த உயரம் திடீரென்று ஏறத்தாழ 3 கிலோமீட்டர் மாறியது. கருவி சொன்னது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றம் கருவியின் கோளாறாகத்தான் இருக்கும் என்று மென்பொருள் அந்த அளவை ஒதுக்கிவிட்டது. தரையைத் தொட்டுவிட்டதாகக் கலம் கணக்கிட்டபோது அது உண்மையில் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், மலேசிய நேரப்படி இரவு எட்டரை மணி அளவில் சந்திரயான்-3 இறங்கியதை ஊரில் பலரும் நேரலையில் பார்த்தோம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர் என்பதில் நம் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: கடைசிக் கட்டத்தில் கலத்தை யாரும் ஓட்டவில்லை. இறங்கும் பணி தொடங்கிய பிறகு எல்லா முடிவுகளையும் கலமே எடுத்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எங்களைப் போலவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2019இல் உடைந்த சந்திரயான்-2இன் இறங்குகலம் கற்றுக்கொடுத்ததை வைத்து, எவையெல்லாம் தவறக்கூடும் என்று நான்கு ஆண்டுகள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததுதான் அவர்கள் செய்த வேலை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன், வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு இருட்டில் அவரவர் நிரையில் அவரவர் தனியே. மழை பிடித்தால் என்ன செய்வது என்று ஓடிவந்து கேட்க ஆள் இருக்காது. நிலவின் மறுபக்கத்தில் எங்கள் கலத்துக்கும் அதே நிலைதான். இறங்கும் நிரலைக் கலத்தில் ஏற்றாமல் தளத்துக் கணினியிலேயே வைத்திருந்த ஒரு நாள், தொடர்பு அறுந்த இடத்தில் அதைத் தேடிய கலம் கிடைக்காமல் செயலற்று நின்றது.

நண்பரின் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிறர் எழுதிய நிரலை அப்படியே இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பவர் உண்மையில் ஒன்றும் செய்யவில்லை. அதுபோல, ஒருமுறையாவது கையால் ஓட்டி இறக்கிப் பார்க்காதவர் நல்ல நிரல் எழுத முடியும் என்றும் நான் நம்பவில்லை; கலம் எப்படித் திமிறும் என்பதைக் கை முதலில் அறிய வேண்டும். நம் வட்டாரப் பெற்றோர் பலர் விளையாட்டு என்றாலே மடிக்கணினியை மூடச் சொல்கிறார்கள். பிள்ளை என்ன செய்கிறான் என்று பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே நான் கேட்டுக்கொள்வது.

சனிக்கிழமை இறங்கிய கலம் சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. தரையின் சரிவை எங்கள் நிரல் பார்ப்பதில்லை. இறங்குமிடத்தைச் சுற்றி மூன்று புள்ளிகளின் உயரத்தைக் கேட்டுச் சரிவைக் கணக்கிடலாம் என்று மருமகன் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே, "சமதரை கிடைக்காவிட்டால் நகர்ந்து தேடு, எரிபொருள் இவ்வளவுக்குக் குறைந்தால் இருக்கும் இடத்திலேயே இறங்கு" என்று ஒரு வாக்கியம். "இவ்வளவு" என்ற சொல்லுக்குப் பதிலாக வரவேண்டிய எண்ணை இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை.